பீகானேர் 300 மெகாவாட் சோலார் கடன்: ஃபைலில் எங்கே கை வைக்கணும்?

புதுக்கணக்கு, நரிமன் பாயிண்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ரோடு ஃபைல்களிலிருந்து சோலார் பக்கம் மாற்றிவிட்டார்கள். மேசையில் இருப்பது இது: பீகானேர் மாவட்டம், கிரிட்டுக்குப் போவது 300 மெகாவாட் (ஏ.சி.), பேனல் அளவு 420 மெகாவாட் (டி.சி.), சூரியன் பக்கம் திரும்பும் டிராக்கரோடு. மத்திய ஏஜென்சி டெண்டரில் எடுத்த ப்ராஜெக்ட். யூனிட்டுக்கு 2 ரூபாய் 55 காசு, 25 வருஷமும் அதே விலை. மொத்தச் செலவு 1,560 கோடி. கேட்பது 75 சதவீதம், அதாவது 1,170 கோடி. ஓடத் தொடங்கியபின் 20 வருஷச் சமத் தவணை, வட்டி 9 சதவீதம்.

கிரெடிட் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. "நாட்டில் ஓடும் கரண்ட்டில் முக்கால்வாசி கரியிலிருந்து வருது. டிஸ்காம் (மின் விநியோக நிறுவனம்) ஏற்கெனவே கரி நிலையங்களோடு 25 வருஷ ஒப்பந்தம் போட்டுட்டு உக்காந்திருக்கு. இதை அவன் எதுக்கு வாங்கணும்? வாங்கினாலும் காசு எப்ப கொடுப்பான்?" 2018-ல் கரி நிலையக் கடன்கள் வரிசையாக விழுந்ததைப் பார்த்தவர், அதனால் சும்மா கேட்கவில்லை.

பி-50, பி-90 (இந்த அளவு உற்பத்தியாவது வர 50, 90 சதவீத வாய்ப்பு) என்ன என்பது தெரியும், அந்த வகுப்பு வேண்டாம். கடன் கொடுக்கும் முன் எதை நிபந்தனையாக வைக்கணும், எது வழக்கமாக உதைக்கும், அதைச் சொல்லுங்கள்.


செம்பூர்வாசி:

கமிட்டி கேள்விக்கு அப்புறம் வரலாம். முதலில் அந்த 1,170 கோடியே நிற்குமா என்று பாருங்கள்.

பி-90-ல் சி.யு.எஃப். (முழுத் திறனில் எவ்வளவு பங்கு உற்பத்தி) 26.6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பி-50 28.5 என்று ஆலோசகர் கொடுத்திருந்தால் ஏறக்குறைய அங்கேதான் வரும்). 300 × 8,760 × 0.266, சுமார் 69.9 கோடி யூனிட். 2.55-ஆல் பெருக்கினால் 178 கோடி. பராமரிப்பு, இன்ஷூரன்ஸ், குத்தகை எல்லாம் மெகாவாட்டுக்கு ஐந்தரை லட்சம் என்றால் 16.5 கோடி. மிச்சம் 162 கோடி. உங்கள் சமத் தவணை ஆண்டுக்கு 128 கோடி. டி.எஸ்.சி.ஆர். (தவணையைப் போல் எத்தனை மடங்கு பணம் இருக்கிறது) 1.26. இதைப் பார்த்துத்தான் எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இப்போது எக்செல்லில் அடுத்த வருஷங்களை இழுத்துப் பாருங்கள். விலை ஏறாது. பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் தேயும். பராமரிப்புச் செலவு 5 சதவீதம் ஏறும். பத்தாவது வருஷம் விகிதம் 1.13. இருபதாவது வருஷம் 0.94. சமத் தவணை, வருஷாவருஷம் ஒரே தொகை வரும் சாலை ஆன்யுட்டிக்குச் சரி, இதற்குச் சரியில்லை. தவணையைப் பண வரவுக்கு ஏற்றபடி செதுக்கி, முன் வருஷங்களில் அசலை அதிகம் எடுக்கணும். எல்லா வருஷமும் 1.20 நிற்கிற மாதிரி செதுக்கினால் இந்தப் பண வரவு தாங்கும் கடன் 1,130 கோடிதான். அதுவும் வரியைச் சேர்க்காமல். 40 கோடி ப்ரமோட்டர் கையிலிருந்து வரணும், இல்லையென்றால் 1.15-க்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்தே சம்மதிக்கணும்.

முதல் வருஷக் கணக்கிலேயே சில உதைகளைப் போட்டுப் பாருங்கள். வட்டி 10 ஆனால் 1.18. உற்பத்தியில் 5 சதவீதத்தை லோட் டெஸ்பாட்ச் (கிரிட்டில் யார் எவ்வளவு ஓட்டணும் என்று சொல்லும் மையம்) குறைக்கச் சொன்னால் 1.19. 10 சதவீதம் என்றால் 1.12. பில் ஆறு மாதம் நின்றால் 89 கோடி தொங்கும், அதை நடைமுறை மூலதனக் கடனால் 9.5 சதவீதத்தில் சுமந்தால் ஆண்டுக்கு எட்டரைக் கோடி. அதாவது ஆறு மாத பாக்கியும் 5 சதவீத வெட்டும் கடன்காரனுக்குக் கிட்டத்தட்ட ஒரே அடி. பல பேர் முதலாவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், இரண்டாவதை மாடலில் சுழி என்று போட்டுவிடுகிறார்கள். இன்றைக்கு ராஜஸ்தானில் நிலைமை நேர்மாறு.

கட்டும்போது தாமதம் தனிக் கதை. கடனில் 80 சதவீதம் எடுத்தபின் ஆறு மாதம் தள்ளிப்போனால் வட்டியே 42 கோடி. ஈக்விட்டி 390 கோடி. பத்தில் ஒரு பங்குக்கு மேல் கண்ணெதிரே போகும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குத் தனி ஸ்பான்சர் உறுதி வாங்குங்கள்.

டி.எஸ்.ஆர்.ஏ. (தவணைக்கான கையிருப்புக் கணக்கு) இரண்டு காலாண்டு. அதை ரொக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பேங்க் கேரண்டியாகக் கொடுக்கிறேன் என்பார்கள், கேட்காதீர்கள்.


கரிக்குருவி:

உங்கள் கமிட்டிப் பெரியவர் சரியான இடத்தில்தான் தொட்டிருக்கிறார். ஆனால் கேள்வியை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கணும்: "எந்த டிஸ்காம், எந்தக் கரியை நிறுத்திவிட்டு இதை வாங்கும்?"

கரி நிலையத்துக்கு டிஸ்காம் இரண்டு பாகமாகக் காசு கட்டுகிறது. நிலையக் கட்டணம் ஒன்று, எரிபொருள் கட்டணம் ஒன்று. நிலையம் 85 சதவீத நேரம் தயாராக இருந்தால் போதும், கரண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் பாகம் முழுசாகக் கட்டியே ஆகணும். ஆக, சோலார் வாங்கினால் மிச்சமாவது எரிபொருள் காசு மட்டும்.

ஒரு உதாரணத்துக்குச் சுரங்க வாசலில் இருக்கும் நிலையம், எரிபொருள் 2.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 2.55-ஓடு ஏஜென்சி மார்ஜின் 7 காசு, மேலே லைன் நஷ்டம். டிஸ்காம் ஒவ்வொரு யூனிட்டிலும் கைநஷ்டம். அதே டிஸ்காம் தூரத்திலிருந்து ரயிலில் கரி வரும் நிலையத்தை, எரிபொருள் 4 ரூபாய்க்கு மேல் போகிறதை, பகலில் இறக்க முடிந்தால் லாபமோ லாபம். விலை ஒன்றுதான், வாங்குபவனைப் பொறுத்துக் கணக்கு தலைகீழ். அதனால் வாங்கப்போகும் மாநிலத்தின் மெரிட் ஆர்டர் பட்டியலை, அதாவது மலிவானதிலிருந்து நிலையங்களை வரிசைப்படுத்தியதை, எடுங்கள். மாநில லோட் டெஸ்பாட்ச் மையத் தளத்தில் கிடைக்கும். பகல் 11-லிருந்து 3 வரை கடைசியாக ஓடும் கரி யூனிட் எது, அதன் எரிபொருள் விலை என்ன என்று பாருங்கள். கடன் ஆலோசகர் அறிக்கையில் இந்தப் பக்கம் பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு சிக்கல், கரி யூனிட்டை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது இப்போதைக்கு லேசில்லை. சாயங்காலம் திரும்ப ஏற்றணும் என்பதால் மதியம் அணைக்கவும் முடியாது. சோலார் பொங்கும் நேரத்தில் கரியும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். 2025 மே மாதத்தில் சில மதிய வேளைகளில் நிகழ்நேரச் சந்தை விலை சுழி பக்கம் வந்தது இதனால்தான். அதே சந்தை சாயங்காலம் 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடும்.

2025 செப்டம்பர் 22-லிருந்து கரி மேல் இருந்த டன்னுக்கு 400 ரூபாய் செஸ் போய், ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 ஆனது. விலை மலிவான, தரம் குறைந்த உள்நாட்டுக் கரிக்கு இது மொத்தத்தில் குறைப்பு. சுரங்க வாசல் நிலையங்களின் எரிபொருள் விலை இறங்குகிறது, அதாவது உங்கள் 2.55-க்குப் போட்டி கொஞ்சம் கூடுகிறது. இதை யாரும் பேசுவதில்லை.

இதனால்தான் மத்திய ஏஜென்சிகள் ஏலம் விட்டு, டிஸ்காம் கையெழுத்துப் போடாமல் 40 ஜிகாவாட்டுக்கு மேல் தேங்கிய செய்தி 2025-ல் வந்தது. வெறும் பகல் கரண்ட் யாருக்கும் அவசரமில்லை. பேட்டரியோடு வந்த டெண்டர்கள் 3 ரூபாய் 10 காசிலிருந்து 3 ரூபாய் 50 காசு வரை போயின, அதற்கு ஆள் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மத்திய மின் ஆணையமே சோலார் டெண்டர்களில் 10 சதவீதத் திறனுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பு சேருங்கள் என்று அறிவுரை சொன்னது. பேட்டரியும் மலிந்துவிட்டது. தனிப் பேட்டரி ஏலத்தில் 2022-ல் மெகாவாட்டுக்கு மாதம் 10.83 லட்சம் கேட்டார்கள். 2024 கடைசியில் ராஜஸ்தானில், மானியத்தோடு, 2.2 லட்சம் பக்கம்.

2018 பற்றி: நாடாளுமன்ற நிலைக்குழு அப்போது சிக்கலில் இருந்ததாகச் சொன்ன 34 நிலையங்கள், 40,000 மெகாவாட். கரி ஒதுக்கீடு இல்லை, அல்லது விற்பனை ஒப்பந்தம் இல்லை, அல்லது இரண்டும் இல்லை. சோலாரில் முதல் பிரச்சினை கிடையாது. இரண்டாவது அப்படியே இருக்கிறது. உங்கள் ஃபைலில் பி.எஸ்.ஏ. (ஏஜென்சி டிஸ்காமுக்கு விற்கும் ஒப்பந்தம்) கையெழுத்தாகிவிட்டதா? அதைச் சொல்லவே இல்லையே.


பிரிவு63, தில்லி:

கரிக்குருவி சார் கடைசியில் கேட்டதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வரிசை இது: டிஸ்காமுக்கும் ஏஜென்சிக்கும் பி.எஸ்.ஏ., அதன்பின் ஏஜென்சிக்கும் நிறுவனத்துக்கும் பி.பி.ஏ. (கொள்முதல் ஒப்பந்தம்), மின்சாரச் சட்டம் 63-ஆம் பிரிவின் கீழ் மின் ஒழுங்குமுறை ஆணையம் விலையை ஏற்றுக்கொள்ளும் உத்தரவு, டிஸ்காமின் மாநில ஆணையம் கொள்முதலுக்குத் தரும் அனுமதி. நான்கும் கையில் இல்லாமல் முதல் தவணைப் பணம் விடக் கூடாது. ஏல வெற்றிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடன் அனுமதி கேட்பவர்கள் உண்டு. அனுமதி கொடுங்கள், பணம் விடுவதை நான்காவது காகிதத்தோடு கட்டிப் போடுங்கள்.

பி.பி.ஏ.-வில் மூன்று இடம் உட்கார்ந்து படிக்க வேண்டியது.

முதலாவது, உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் இழப்பீடு. 2021 அக்டோபரில் வந்த கட்டாய ஓட்ட விதிகளின்படி சோலாரை வணிகக் காரணத்துக்காகக் குறைக்க முடியாது. குறைத்தால் பி.பி.ஏ. விலைக்கே ஈடு தரவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "கிரிட் பாதுகாப்பு" என்ற காரணம் விலக்கு. லோட் டெஸ்பாட்ச் மையம் குறைக்கச் சொல்லும்போது அநேகமாக அந்தச் சொல்லைத்தான் எழுதும். எனவே ஈடு தொகையை மாடலில் வரவாக எடுக்காதீர்கள். அதே சமயம் ஒவ்வொரு குறைப்பு உத்தரவையும், நேரம், மெகாவாட், சொன்ன காரணம் என்று 15 நிமிடப் பகுதிவாரியாகப் பதிவு வைக்கும் கடமையை நிறுவனத்தின் மேல் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பின்னால் ஆணையத்தில் வழக்குப் போடும்போது இந்தப் பதிவு இல்லாமல்தான் தோற்கிறார்கள்.

இரண்டாவது, பணப் பாதுகாப்பு. ஒரு மாத பில்லுக்குச் சுழலும் எல்.சி. (வங்கியின் பண உறுதிக் கடிதம்), ஏஜென்சியின் மூன்று மாத நிதி, மாநில அரசு, மத்திய அரசு, ரிசர்வ் வங்கி முத்தரப்பு ஒப்பந்தம். மூன்றாவது இருப்பதால்தான் மத்திய ஏஜென்சித் திட்டங்களுக்கு வட்டி குறைகிறது. அது காலாவதியாகாமல் அந்த மாநிலத்துக்கு நடப்பில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். டிஸ்காம் எப்போது கொடுப்பான் என்று உங்கள் பெரியவர் கேட்டதற்குப் பதில், 2022 ஜூனில் வந்த தாமதப் பாக்கி விதிகளுக்கு முன், பின் என்று இரண்டு காலம். அந்த ஜூனில் பழைய பாக்கி சுமார் 1.4 லட்சம் கோடி. அதை 48 தவணை வரை பிரித்துக் கட்ட வைத்தார்கள். புது பில் கொடுத்து 75 நாள் தாண்டினால் அந்த டிஸ்காம் குறுகிய காலச் சந்தையில் கரண்ட் வாங்க முடியாமல் கதவு மூடும். பல் உள்ள விதி என்பதால் வேலை செய்கிறது. மாநில டிஸ்காமோடு நேரடி ஒப்பந்தம் என்றால் முத்தரப்பு ஒப்பந்தம் கிடையாது. அங்கே எஸ்க்ரோவும் (டிஸ்காம் வசூல் பணத்தை ஒதுக்கி வைக்கும் கணக்கு) மாநில அரசு உத்தரவாதமும் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ரேவா 750 மெகாவாட் ஏலம் 2017-ல் முதல் வருஷ விலை 2.97-க்கு இறங்கியதற்கு அந்த மாநில உத்தரவாதமும் ஒரு காரணம்.

ஆட்சி மாறினால் ஒப்பந்தத்தைக் கிளறுவார்களா என்றால், கிளறியிருக்கிறார்கள். ஆந்திராவில் 2019 ஜூலையில் விலையைக் குறைக்கப் பேச்சுவார்த்தைக் குழு போட்டார்கள். இடைக்காலமாகச் சோலாருக்கு 2.44 கொடுத்தால் போதும் என்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். 2022 மார்ச்சில் இரு நீதிபதி அமர்வு முழு ஒப்பந்த விலையைக் கொடுக்கச் சொல்லித் தீர்த்தது. நிறுவனங்கள் ஜெயித்தன. ஆனால் இரண்டரை வருஷத்துக்கு மேல் குறைந்த பணத்தில் தவணை கட்டினார்கள். அடி பெரும்பாலும் பழைய, விலை உயர்ந்த ஒப்பந்தங்களுக்கு. 2.55 ஒப்பந்தத்தைக் கிளறுவதில் அரசியல்வாதிக்கு லாபம் குறைவு. இது உங்கள் ஃபைலுக்குச் சாதகம்.

மூன்றாவது, சட்ட மாற்றம். சோலார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 ஆனது. 70 பங்கு சாமான், 30 பங்கு சேவை என்ற கணக்கில் மொத்த இ.பி.சி. (சாமான் வாங்கிக் கட்டித் தரும்) ஒப்பந்த வரி 13.8-லிருந்து 8.9. அந்த 1,560 கோடி எந்த வரியில் போட்டது? ஏலம் வரிக்குறைப்புக்கு முன் என்றால் மிச்சம் டிஸ்காமுக்குப் போக வேண்டும். சட்ட மாற்றம் இரண்டு பக்கமும் வெட்டும். செலவும் குறையும், விலையும் குறையும். ப்ரமோட்டர் பழைய செலவைக் காட்டிக் கடனைப் பழைய அளவிலேயே கேட்பதாக இருந்தால், ஈக்விட்டி காகிதத்தில் மட்டும் இருக்கும்.


புதுக்கணக்கு:

நன்றி. கேட்டுப் பார்த்ததில் வந்த விவரம்: பி.எஸ்.ஏ. 300-ல் 180 மெகாவாட்டுக்கு மட்டும் ஆகியிருக்கிறது. மிச்சத்துக்குப் "பேச்சு நடக்கிறது". நிலம் 61 சதவீதம் பதிவாகியிருக்கிறது. லைன் தயாராகும் வரை தற்காலிக ஜி.என்.ஏ.-வில் (கிரிட் லைனில் கரண்ட் அனுப்பும் உரிமை) ஓட்டலாம் என்கிறார்கள். செம்பூர்வாசி சார் சொன்ன செதுக்கலைப் போட்டுப் பார்த்தேன், எனக்கு 1,128 வந்தது.


400கேவி, முலுண்ட்:

தற்காலிக ஜி.என்.ஏ. என்றதும் நானே எழுத வேண்டியிருக்கு.

சூரியன் எங்கே அதிகமோ அங்கே பிளான்ட் கட்டிடுறாங்க, லைன் பின்னாடி வருது. பிளான்ட் ஒன்றரை ரெண்டு வருஷத்தில் முடிஞ்சிடும், 765 கே.வி. லைன் முடியாது. நிரந்தர ஜி.என்.ஏ. வாங்கினவங்களுக்கு லைனில் உரிமை இருக்கு. தற்காலிகமா உள்ளே வந்தவங்க மிச்ச இடத்தில் ஓட்டுறாங்க. நெரிசல் வந்தா முதல்ல இவங்களைத்தான் நிறுத்துவாங்க, 2025-ல் ராஜஸ்தானில் உச்சப் பகல் நேரத்தில் இவங்களை முழுசா அணைச்ச நாட்கள் நிறைய. அதுக்கு ஈடும் கிடையாது, உரிமையே தற்காலிகம்தானே. அதனால் அந்தக் காலத்துக்கான வருமானத்தை மாடல்ல பாதிக்கும் கீழே போடுங்க. சுழின்னு போட்டாலும் தப்பில்லை.

லைன் எப்ப வரும்னு ப்ரமோட்டர்கிட்ட கேட்காதீங்க. சி.டி.யு. (மத்திய லைன் இணைப்பு கொடுக்கிற நிறுவனம்) ஒப்பந்தத்தில் இணைப்புத் தொடக்கத் தேதி என்ன, அது எந்த எந்த லைன், எந்த ஐ.சி.டி. (லைன்களை இணைக்கிற பெரிய டிரான்ஸ்ஃபார்மர்) முடிஞ்சா கிடைக்கும்னு பேர் பேரா எழுதியிருக்கும். மத்திய மின் ஆணையம் மாசாமாசம் லைன் முன்னேற்ற அறிக்கை போடுது. அதில் அந்தப் பேரை எடுத்து, எத்தனை டவர் அஸ்திவாரம், எத்தனை டவர் நின்னது, எத்தனை கிலோமீட்டர் கம்பி இழுத்ததுன்னு பாருங்க. டவர் 95 சதவீதம் நின்னு கம்பி 60-லேயே மூணு மாசமா நிக்குதுன்னா, எங்கேயோ நாலு விவசாயி இழப்பீடு பத்தலைன்னு தடுத்துட்டிருக்காங்கன்னு அர்த்தம். மும்பைக்காரங்களுக்கு இது புதுசில்லை. நகரத்துக்குள்ள வெளிக் கரண்ட் வர லைன் பத்தாம இருந்ததும் டிராம்பே கரி யூனிட் நீண்ட நாள் தேவைப்பட்டதுக்கு ஒரு காரணம். 2020 அக்டோபர் 12 ஊரே இருண்டதுக்கு அப்புறமும் கார்கர்–விக்ரோலி 400 கே.வி. லைன் வர 2023 ஆச்சு.

அப்புறம் உங்க கம்பெனியோட சொந்த லைன். பிளான்ட்டிலிருந்து பூலிங் சப்ஸ்டேஷன் வரைக்கும் 220 கே.வி. அது சின்னதுதானேன்னு விட்டுடுவாங்க. மின்சாரச் சட்டத்தில் லைன் போட 68-ஆம் பிரிவு ஒப்புதல், அடுத்தவர் நிலத்தில் டவர் நட 164-ஆம் பிரிவு அதிகாரம் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. 164 இல்லைன்னா நிலத்துக்காரன் ஒருத்தன் மறுத்தாலும் ஒரு டவர் நிக்காது, ஒரு டவர் நிக்கலைன்னா 300 மெகாவாட்டும் சும்மா. பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர் போட்டாச்சா, அட்வான்ஸ் போனதுக்கு ரசீது இருக்கான்னு கேளுங்க. இப்ப தயாரிப்பாளர்கள்கிட்ட வரிசை நீளம், பேனல் மாதிரி கேட்டவுடன் வராது.

முதல் தடவை மின்சாரம் ஏத்த ஆர்.எல்.டி.சி. (மண்டல லோட் டெஸ்பாட்ச் மையம்) அனுமதி வேணும். இன்வெர்ட்டர் மாடல் கோப்பு, வோல்ட்டேஜ் திடீர்னு விழுந்தாலும் ஏறினாலும் பிடிச்சு நிக்கும் சோதனை அறிக்கை, ரியாக்டிவ் பவர் கணக்கு, இதெல்லாம் சரியில்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. ராஜஸ்தானில் 2022-லிருந்து ஒரு சின்ன ஃபால்ட்டுக்கே ஆயிரக்கணக்கான மெகாவாட் சோலார் ஒண்ணா கழண்டு விழுந்த சம்பவங்கள் நடந்ததால இப்ப கெடுபிடி. பிளான்ட் கட்டி முடிச்சு இந்தக் காகிதத்துக்காக மாசக்கணக்கில் நிக்கிறவங்க இருக்காங்க. கடன் அட்டவணையில் இதுக்குன்னு மூணு மாசம் ஒதுக்குங்க.

நிலம் பத்தி ரெண்டே விஷயம். கானமயில் முன்னுரிமைப் பகுதியில் லைன் போகுதான்னு வரைபடத்தில் பாருங்க. அந்தப் பறவை லைனில் மோதாம இருக்கக் கம்பியைத் தரைக்கு அடியில் போடச் சொன்ன 2021 உச்ச நீதிமன்ற உத்தரவை 2024 மார்ச்சில் தளர்த்தினாங்க, முழுசா விட்டுடலை. இன்னொன்னு ஓரன். ஊர்க் கோயில் காடு, வருவாய்ப் பதிவில் தரிசுன்னு இருக்கும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையெல்லாம் கண்டறிஞ்சு காடாச் சேர்க்கச் சொல்லியிருக்கு. பதிவேட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படாம, கிராமத்தில் யாரையாவது அனுப்பிக் கேளுங்க.


பிரிவு63, தில்லி:

61 சதவீத நிலம் என்பது இப்போது தடுப்பே. ரிசர்வ் வங்கியின் புதிய ப்ராஜெக்ட் கடன் வழிகாட்டுதல்கள் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பு. பி.பி.பி. (அரசு-தனியார் கூட்டு) உள்கட்டமைப்புக்கு 50 சதவீத நிலம் போதும், மற்றவற்றுக்கு 75. இது பி.பி.பி. இல்லை. 75 வந்த பிறகே முதல் பணம்.

அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது. கட்டும் காலத்தில் கடனுக்கு வங்கி தன் கணக்கில் 1 சதவீத நஷ்ட ஒதுக்கீடு, ஓடத் தொடங்கியபின் 0.4. 2024 மே வரைவில் 5 சதவீதம் என்று போட்டு எல்லாரையும் கதற வைத்தார்கள், அது போயிற்று. ஆனால் தொடக்கத் தேதியைத் தள்ளினால் ஒவ்வொரு காலாண்டுக்கும் கூடுதலாக 0.375 சதவீதம். ஆகவே ப்ரமோட்டர் சொல்லும் தேதியை அப்படியே எழுதாமல், 400கேவி சார் சொன்ன லைன் தேதிக்கு மேல் ஆறு மாதம் வைத்து எழுதுங்கள். முதலில் எழுதும்போது தேதி இலவசம், பிறகு தள்ளுவதற்குத்தான் காசு. மொத்தக் கடன் 1,500 கோடிக்குள் என்பதால் சேரும் ஒவ்வொரு வங்கியும் குறைந்தது 10 சதவீதம் எடுக்க வேண்டும் என்பதையும் கூட்டணி அமைக்கும்போது மறக்காதீர்கள்.

பி.எஸ்.ஏ. இல்லாத 120 மெகாவாட்டை இந்தக் கடனிலிருந்து பிரித்துவிடுங்கள். "பேச்சு நடக்கிறது" என்பதற்கு அடமான மதிப்பு கிடையாது. 180-க்கு முதல் கட்டம், 120-க்குத் தனி நிபந்தனையோடு இரண்டாம் கட்டம். பொதுவான சப்ஸ்டேஷன், லைன் செலவு முழுசும் முதல் கட்டத்தில் விழும், மெகாவாட்டுச் செலவு ஏறும். அந்த ஏற்றத்தை ஈக்விட்டி தாங்க வேண்டும்.


பாண்டுப் பேச்சு, தாதர்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வங்கி டெபாசிட் ஒன்று முதல் மூன்று வருஷம், கடன் 20 வருஷம். கட்டும் காலமும் ஓடத் தொடங்கி ஒரு வருஷமும் வங்கி வைத்துக்கொண்டு, உற்பத்தி நிலைத்ததும் ஐரெடா, பி.எஃப்.சி., ஆர்.இ.சி., நாப்ஃபிட் மாதிரி நீண்ட காலக் கடன் தரும் நிறுவனங்களுக்கோ இன்விட்டுக்கோ (ஓடும் திட்டங்களை வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளை) மாற்றுவதுதான் நடைமுறை. மாற்றும்போது ரேட்டிங் ஏறும், வட்டி இறங்கும். வட்டி எட்டரை ஆனால் செம்பூர்வாசி கணக்கின் 1.26, 1.31 ஆகிவிடும். அந்த லாபம் முழுசும் ப்ரமோட்டருக்கே போகாதபடி முன்கூட்டிக் கட்டும் அபராதத்தை இப்போதே எழுதுங்கள்.

டாலர் பாண்டு மலிவு என்று யாராவது வருவார்கள். 5 வருஷப் புல்லட் (அசல் மொத்தமும் கடைசியில்), ரூபாய் வருமானம், டாலர் ஏறினால் அடி விழாமல் காக்கும் ஹெட்ஜ் செலவு. வெளிநாட்டுக்குப் போகும் வட்டியில் 5 சதவீதம் மட்டும் பிடித்த வரிச் சலுகையும் 2023 ஜூனோடு போயிற்று. எல்லாம் கூட்டினால் உள்ளூர் வட்டிக்குப் பக்கத்தில்தான் வரும். பல பிளான்ட்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கம்பெனிக்குச் சரி, தனி 300 மெகாவாட்டுக்கு வேண்டாம்.

பல வங்கிகளில் கரியும் சோலாரும் ஒரே "மின்துறை" வரம்பில் கிடக்கிறது. பழைய கரிக் கடன் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் ஃபைல் எவ்வளவு நல்லதானாலும் நகராது. கமிட்டிக்குப் போகும் முன் ரிஸ்க் பிரிவில் கேட்டுவிடுங்கள். முன்னுரிமைத் துறைக் கணக்கிலும் இது வராது, அந்த வரம்பு 35 கோடிதான்.


புதுக்கணக்கு:

180-க்கு மட்டும் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று. பேனல் பற்றி யாருமே பேசவில்லை, அதில் ஒன்றும் இல்லையா?


செம்பூர்வாசி:

இருக்கிறது, ஆனால் இதெல்லாம் தாண்டினபின். ஏ.எல்.எம்.எம். பட்டியலில் (அரசு ஏற்ற பேனல் பட்டியல்) உள்ள கம்பெனியா, அந்த மாடல் எண்ணும் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். கம்பெனி இருந்து மாடல் இல்லாத ஃபைல்கள் வரும். 2026 ஜூன் 1 முதல் உள்ளே இருக்கும் செல்லும் இரண்டாம் பட்டியலில் இருக்கணும். ஏலம் கட்டக் கடைசி நாள் 2025 ஆகஸ்ட் 31-க்குள் முடிந்தது என்றால் இந்தச் செல் விதி உங்களைத் தொடாது. அந்தத் தேதியை டெண்டர் காகிதத்திலேயே பாருங்கள், ப்ரமோட்டர் கடிதத்தில் இல்லை.

சைட்டில் வந்து இறங்கியதும், ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்து இ.எல். படம் (பேனலில் மின்சாரம் செலுத்தி எடுப்பது) பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில்தான் தெரியும். லாரி குலுங்கி வந்ததில் நிறைய வரும். பேனல் பின்னால் உள்ள சீரியல் எண்ணையும் ஃபேக்டரி ஃப்ளாஷ் டெஸ்ட் (ஒவ்வொரு பேனலின் வாட் அளவுச் சோதனை) பட்டியலையும் நம்ம என்ஜினியர் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டபின் சப்ளையர் பில்லுக்குப் பணம் விடுங்கள். 420 மெகாவாட்டுக்கு 580 வாட் பேனல் என்றால் ஏழே கால் லட்சம் பேனல். எல்லாம் பார்க்க முடியாது, சாம்பிள் அளவை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். சைட்டில் போய்ப் பேரம் பேசினால் அவர்கள் எடுத்து நீட்டும் பெட்டியைத்தான் திறக்க வேண்டிவரும்.